யாருடைய வாக்கியம்?

"இக்காலத்து மாணவருக்கு எழுத வராது" என்ற தீர்ப்பு நமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலே நாள்தோறும் வழங்கப்படுகிறது. குற்றவாளியும் உடனே அடையாளங் காட்டப்படுகிறான்: கைத்தொலைபேசி. அதன் கூட்டாளியாக, அண்மைக் காலத்திலே, செயற்கை நுண்ணறிவு எனப்படும் பொறியும் கூண்டில் ஏற்றப்பட்டிருக்கிறது. தேநீர் முடிவதற்குள் வழக்கும் முடிந்து விடுகிறது. மணி அடித்ததும் நாம் வகுப்புக்குச் சென்று, சென்ற ஆண்டு சொன்ன அதே குறிப்பை இவ்வாண்டும் வரி பிசகாமல் சொல்ல, மாணவர் தலைகுனிந்து எழுதிக் கொள்கின்றனர்.

இத்தீர்ப்பிலே நாமும் கையொப்பமிட்டவர்களே. அதனை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி.

நம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்று, இப்போது பேராதனையிலே கலைப்பிரிவிற் பயிலும் மாணவி ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். கண்டி நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றின் லயத்திலே பிறந்தவள். அக்குடும்பத்திற் பல்கலைக்கழக வாயிலை மிதித்த முதலாமவள். பெருந்தோட்டங்களிற் பெண்களின் உழைப்பைப் பற்றி அவள் ஓர் ஒப்படை சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் சீ.ஆர். கொப்பி, மறு கையில் தொலைபேசி. இரண்டிலும் கட்டுரை இருந்தது.

கொப்பியிலே பதினொரு பக்கங்கள், அவள் கைப்பட எழுதியவை. விடியற் காலையிற் பிரட்டுக்களத்துக்குச் செல்லும் தாய், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் வாக்குவாதம், குறித்த நிறை தேறாத நாளில் விழும் 'அரைப்பேர்' ஆகிய யாவும் அதிலே இருந்தன. மலையகத்தை அறியாத வாசகருக்காக ஒன்று கூறுதல் வேண்டும். தோட்டத்திலே ஒரு நாள் வேலை 'ஒரு பேர்' எனப்படும். நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும். அதாவது, அரைநாட் சம்பளம். ஏழாம் பக்கத்திலே அவள் இப்படி எழுதியிருந்தாள்: "நாள் முழுக்க மலையில நின்ன அம்மா, செக்றோலில பாதி ஆளாத்தான் இருந்தாங்க." எழுத்துப் பிழைகள் இருந்தன, பத்திப் பிரிப்புச் சீராக இல்லை, சில வாக்கியங்கள் தொடங்கிய இடத்தை மறந்து வேறெங்கோ முடிந்தன.

தொலைபேசியில் இருந்தது நான்கு பக்கங்கள். கொப்பியின் சாரத்தை அவள் பொறியிடம் சொல்ல, அது எழுதிக் கொடுத்தது. பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பல்வேறு சமூக, பொருளாதாரச் சவால்களை எதிர்நோக்குகின்றனர் என்று அது தொடங்கிற்று. ஊதிய நடைமுறைகளைப் பற்றி ஒரு பத்தி. சுகாதாரத்தைப் பற்றி ஒரு பத்தி. கொள்கை வகுப்போர் கவனஞ் செலுத்த வேண்டும் என்ற முடிவு. ஒரு பிழை கூட இல்லை. அம்மாவும் இல்லை; அரைப்பேரும் இல்லை.

"எதைக் குடுக்கட்டும், சேர்?" என்று கேட்டாள்.

கொப்பியில் உள்ளதைத்தான் என்று நாம் தயங்காமற் சொன்னோம். அவள் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, கோபம் ஏதுமின்றி, "பன்னிரண்டாம் வகுப்புல நான் அரைப்பேர்னு எழுதினப்ப, நீங்கதானே சேர் சிவப்பால வட்டம் போட்டு, பேச்சு வழக்குன்னு எழுதினீங்க" என்றாள்.

வட்டம் போட்டது நமக்கு நினைவில்லை. போட்டிருப்போம் என்பதில் ஐயமில்லை.

இயந்திரம் எழுதியதைத் தன் பெயரிற் கொடுப்பது நேர்மையா என்பது இன்று பல்கலைக்கழகங்கள் எழுப்பும் வினா. அது வேண்டாத வினா என்று நாம் கூறவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு வினா நிற்கிறது. தன் வாக்கியம் வாக்கியமே அன்று என்ற எண்ணத்தை அவளுக்கு ஊட்டியவர் யார்? இயந்திரம் 2022 நவம்பர் இறுதியிலேதான் பொதுமக்கள் கைக்கு வந்தது. அவள் அந்த எண்ணத்தோடு அதற்கு முன்பே பள்ளியில் இருந்தாள்.

கருவி மாறும்போது எழுத்தும் மாறுவது புதுமையன்று. ஓலையிலே எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவு வேறுபாடின்றியே எழுதப்பட்டன. வாசிப்பவன் மொழியறிவு கொண்டு வேறுபாட்டை உணர வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலே செய்த சீர்திருத்தமும், அதனைப் பரப்பிய அச்சும் அந்தச் சுமையை வாசிப்பவனிடமிருந்து இறக்கி வைத்தன. தமிழ்நாட்டிலே 1978இல் அரசாணையால் லை, னை முதலிய எழுத்துக்களின் பழைய கொம்பு கழிந்தது. அக்கொம்புடைய நூல்களை இன்றைய மாணவர் தடுமாறியே வாசிக்கின்றனர். இம்மாற்றங்களால் தமிழ் அழிந்துவிடவில்லை. மாறாக, ஓலை வைத்திருந்த வீடுகளுக்கு அப்பாலும் நூல் சென்றது. ஆதலின், கையெழுத்து மறைகிறதே என்ற புலம்பலில் நமக்கு அதிக ஈடுபாடில்லை. அழகிய கையெழுத்து நம் சமுதாயத்திலே நெடுங்காலம் ஒரு சிலரின் சொத்தாகவே இருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

புதிய கருவி தந்த நன்மையும் சிறிதன்று. 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகப் பிள்ளைகள் அலைவரிசை தேடி மேடுகளிலும் பாறைகளிலும் ஏறி அமர்ந்தனர். ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டனர். அந்த அவலத்தை நாம் புகழவில்லை. ஆயினும் அதே தொலைபேசியின் வழியாகத்தான், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே பழைய ஈழத்துச் சஞ்சிகைகளின் பக்கங்களை அப்பிள்ளைகள் முதன்முறையாகக் கண்டனர். நாம் பல்கலைக்கழகத்திற் பயின்ற நாட்களில் மல்லிகையின் பழைய இதழ் ஒன்றைக் காண யாரையெல்லாம் நயந்து நின்றோம் என்பது நமக்குத் தெரியும். 2022இலோ காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கொப்பியை நம்பியவரும் கணினியை நம்பியவரும் அந்நாட்களில் ஒருங்கே இருட்டில் அமர்ந்திருந்தோம்.

தமிழைத் தமிழெழுத்திலே தட்டச்சிடுவதும் நம் மாணவர்க்கு எளிதாக அமையவில்லை. ஒருங்குறியிலே தமிழ் 1991 முதலே இடம் பெற்றிருந்தும், நமது நாட்டு அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவையே பற்றி நின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், ஆசிரியர் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த வினாத்தாள் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகக் காட்சி தரும். மாணவர் இத்தொல்லைக்கு அஞ்சி, ஆங்கில எழுத்திலே தமிழை எழுதப் பழகினர். இன்று நண்பனுக்கு உரோமன் எழுத்திலே தமிழும், பரீட்சை மண்டபத்திலே மூன்று மணி நேரம் பேனையாலே தமிழும், ஒப்படைக்குப் பொறியெழுதிய தமிழுமாக ஒரே மாணவன் மூன்று தமிழில் வாழ்கிறான். முதலாவதில் மட்டுமே அவன் தன் மனத்தில் உள்ளதைச் சொல்கிறான் என்பதை நாம் கவனிப்பதில்லை.

இனி, நம் ஆசிரியத் தொழிலின் உள்ளறையைச் சற்றுத் திறந்து காட்டுதல் வேண்டும். சனி, ஞாயிறு தினங்களிற் கண்டி நகரத் தெருக்களிலே தனியார் வகுப்புகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் பைகளில் இருப்பது என்ன? போட்டோப் பிரதிகள். வினாவும் மாதிரி விடையும். 'இவ்வினா வந்தால் இவ்வாறு தொடங்குக, இவ்வைந்து குறிப்புக்களைத் தருக, இவ்வாறு முடிக்குக.' பாடசாலையில் நாம் செய்வதும் இதுவே. கட்டணம் மட்டும் இல்லை. பாரதியைப் பற்றிய கட்டுரையிலே, பாரதியின் ஒரு பாட்டையேனும் முழுதாக வாசியாத மாணவன், புரட்சி, விடுதலை, பெண்மை என்று தலைப்புப் பிரித்துப் பதினைந்து புள்ளிகளுக்கு எழுதி விடுகிறான். அவனுக்கு நாம் உயர்ந்த புள்ளி வழங்குகிறோம். பேராதனைக்குப் போன பின்னர், அங்கும் மூத்த மாணவரின் குறிப்புப் பிரதிகள் தொகுதி தொகுதியாய்க் கைமாறுகின்றன. முன்பு காகிதத்தில், இப்போது வாட்சப் குழுக்களில்.

இத்தகைய வாக்கியங்களையே பிழையின்றியும் களைப்பின்றியும் ஆக்கித் தரும் ஒரு பொறி வந்ததும் நாம் திகைக்கிறோம்! அப்பொறி செய்வதுதான் யாது? மலைபோற் குவித்த எழுத்துக்களைப் படித்து, ஒரு சொற்றுண்டின் பின்னால் பெரும்பாலும் வரக்கூடிய அடுத்த துண்டு எது எனக் கணித்துக் கோத்துச் செல்கிறது. பலர் பலமுறை எழுதியதே அதற்கு எளிதாக வரும். அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டால் ஒருவேளை விடை கூறும். கேளாதபோது, தானாக அச்சொல்லை எடுத்து வைப்பதில்லை. நமது மாதிரி விடையும் அதே விதியாலே ஆக்கப்பட்டது. பெரும்பாலும் எது வருமோ அதனையே எழுதுவித்து வந்தோம். பொறி நமது நல்ல மாணவன். நாம் கற்பித்ததை நம்மினும் விரைவாகச் செய்கிறது. அவ்வளவே.

இவ்விடத்திலே நம் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர், தொழிற்சங்க ஈடுபாடுடையவர், ஒரு தடையை எழுப்பினார். அது புறக்கணிக்கத் தக்கதன்று. "நகரத்து வழக்கறிஞரின் மகனுக்கு வீட்டிலேயே கட்டுரை திருத்த ஆள் உண்டு. தகப்பன் திருத்துவார்; அக்காள் திருத்துவாள்; காசு கொடுத்தால் இன்னொருவர் எழுதியே கொடுப்பார். தோட்டத்துப் பிள்ளைக்கு இப்போதுதான் அப்படியொரு துணை கிடைத்திருக்கிறது. அதையும் பறித்துவிட்டு, உன் பிழை அழகு, அப்படியே கொடு என்கிறீர்களா? புள்ளி போனால் நீங்களா வேலை கொடுப்பீர்கள்?" என்றார். அம்மாணவி மாலை வேளைகளிலே சிறுபிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைப் பார்த்துக் கொள்பவள் என்பதும் நமக்கு நினைவு வந்தது. பதினொரு பக்கத்தை மூன்றுமுறை திருத்தி எழுத நேரமும் ஒரு சொத்துத்தான். அது எல்லார்க்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

நண்பர் கூற்றின் பெரும்பகுதியை நாம் ஏற்கிறோம். எழுத்துப் பிழை திருத்தவும், ஆங்கில நூலொன்றின் பொருளை அறியவும், பத்தியை ஒழுங்குபடுத்தவும் அவள் பொறியை நாடுவதில் நமக்குத் தடையில்லை. 1811, 1812ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்தில் நெசவுப் பொறிகளை உடைத்த தொழிலாளரை மூடர் என்று பாடநூல்கள் எழுதின. அவர்களுட் பலர் பொறிகளை நன்கு இயக்கத் தெரிந்தவர்கள். பொறி யார் கையில் இருந்து யாருடைய கூலியைத் தின்கிறது என்பதே அவர்களது சண்டை. இன்றைய எழுத்துப் பொறியிலும் அவ்வினா உயிருடன் இருக்கிறது. அது உடைமையாக இருப்பது கடல் கடந்த சில நிறுவனங்களுக்கு. அதன் வாயிலிருந்து ஆபாசமும் வன்முறையும் வாராதபடி, அவ்வகை எழுத்துக்களை வாசித்து வாசித்துத் தரம் பிரித்தவர்கள் கென்யா நாட்டுத் தொழிலாளர். அவர்கள் பெற்றது மணிக்கு இரண்டு டொலருக்குங் குறைவு என்பதை 2023 ஜனவரியில் டைம் சஞ்சிகை வெளிப்படுத்திற்று. கொழுந்து பறித்த கை தேநீர்க் கோப்பையிலே தெரியாதது போலவே இக்கைகளும் தெரிவதில்லை.

ஆனால் நண்பர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. வழக்கறிஞர் மகனுக்கும் தோட்டத் தொழிலாளி மகளுக்கும் எழுத்தோடு உள்ள உறவு ஒன்றன்று.

1867இலே ஜேம்ஸ் டெய்லர் தெல்தோட்டைக்கு அண்மையில், லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்ட காலத்துக்கு முன்பிருந்தே, கோப்பித் தோட்டங்களிலே, இம்மக்களின் வாழ்வு காகிதத்தினாலேயே ஆளப்பட்டது. அக்காகிதத்தில் எழுதியவர் அவர்கள் அல்லர். 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இத்தொழிலாளரின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவரிடம் இவர்கள் செல்லலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. தம் விலை எழுதிய சீட்டை வாசிக்க இயலாத மக்கள், 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அச்சீட்டின் பின்னால் தோட்டந் தோட்டமாக நடந்தனர். செக்றோலில் அவர்கள் பேரைப் போட்டதும் கணக்கப்பிள்ளையே. 1948இலே பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, மீண்டும் காகிதம் வந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன; உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. வதிவிடச் சான்று இல்லை, திகதி பொருந்தவில்லை என்று தள்ளப்பட்டவை பல. வேறொருவர் எழுத, கீழே பெருவிரலை உருட்டிவிட்டு வந்த மக்கள், என்ன எழுதப்பட்டது என்று அறியாமலே நாடற்றவராயினர்.

மனு எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாருங் கெட்டவர்கள் அல்லர். இரக்கத்தோடு எழுதியவரும் உண்டு. எனினும் மனுவுக்கென்று ஒரு மொழி இருந்தது. சொன்னவளின் அழுகையும் ஆத்திரமும் அம்மொழியிலே புகுந்து, பணிவான ஒரு விண்ணப்பமாக வெளிவந்தன. இலவசக் கல்வி 1945இலே நாட்டில் அறிமுகமாகியும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அதன் பின்னர் வந்த தலைமுறைகளின் பிள்ளை ஒருத்தி, பாட்டி கைநாட்டு வைத்த இடத்திலே தன் கையால் எழுதி, தன் தாயை மலையில் நிற்பவளாகவும் செக்றோலிலே பாதி ஆளாகவும் ஒரே வாக்கியத்திற் காட்டினாள். அவ்வாக்கியத்தை எடுத்துவிட்டு 'ஊதிய நடைமுறைகள்' என்று வைத்து, கீழே தன் பதிவிலக்கத்தை இடும்போது, அது எழுதப் படிக்கத் தெரிந்தவளின் கைநாட்டு ஆகிறது. இதைத்தான் நாம் அஞ்சுகிறோம். ஒப்படையிலே களவு நடந்ததா என்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களுக்கு இந்த இழப்பு அகப்படாது.

அந்த ஏழாம் பக்க வாக்கியத்தை எப்படி எழுதினாய் என்று அவளிடம் கேட்டோம். "முதல்ல தெரியாது சேர். எழுதிக்கிட்டு இருக்கிறப்பதான் வந்திச்சு. எழுதினப்புறம் கொஞ்ச நேரம் பேனைய வச்சிட்டு இருந்தேன்" என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவள், அச்சொல்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டாள். முன்பே மனத்தில் ஆயத்தமாக இருந்த கருத்தைக் காகிதத்துக்கு மாற்றுவதே எழுத்தாயின், அவ்வேலையை எந்தப் பொறியிடமும் கொடுத்துவிடலாம். எழுதுகையிலேதான் பிறக்கும் அறிவு ஒன்று உண்டு. அதனைக் கணக்கப்பிள்ளையிடங் கொடுத்தால், வட்டியும் கிடையாது, முதலும் திரும்பாது.

செந்தமிழ் வேண்டாம், பேச்சு மொழியே போதும் என்பது நம் வாதமன்று. அவள் எழுத்துத் தமிழையும் நன்கு ஆள வேண்டும். ஆட்சி அலுவலகத்திலும் ஆராய்ச்சி அரங்கிலும் அம்மொழி இல்லாது நிற்க முடியாது. அரைப்பேர் என்ற சொல் செந்தமிழ் வாக்கியத்துக்குள்ளே தலைநிமிர்ந்து நிற்கும்படி எழுதுவது எப்படி என்று கற்பித்திருக்க வேண்டியது நாம். வட்டம் போடுவது அதனினும் எளிது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களை அவர்கள் வாய்ச்சொல் கேட்டுத் திரட்டினார் என்பதை வகுப்பிலே ஒரு வரிக் குறிப்பாகச் சொல்லி, அதற்கும் இரண்டு புள்ளி உண்டு என்று கூறி முடித்தவர்களுள் நாமும் ஒருவர்.

அம்மாணவி முடிவில் தொலைபேசியில் உள்ளதையே சமர்ப்பித்தாள். மறுநாளே கடைசி நாள். நல்ல புள்ளி கிடைத்தது என்று பின்னர் அறிவித்தாள். அவளை நிந்திக்க நமக்கு வாயில்லை.

இவ்வாண்டு முதல், வாரத்தில் ஒரு பாடவேளையிலே குறிப்புச் சொல்லுவதை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவ்வேளையில் மாணவர் வீட்டிலே கேட்டறிந்த ஒன்றைப் பற்றி வகுப்பிலேயே எழுத வேண்டும். பேனையாலும் எழுதலாம், தொலைபேசி உள்ளவர் வீட்டுக்குச் சென்று தட்டச்சிட்டுத் திருத்தியும் வரலாம். பெற்றோர் இருவர் வந்து, பாடத்திட்டம் முடியுமா என்று கேட்டுச் சென்றனர். கேள்வி நியாயமானதே. பலர் ஐந்து வரிக்கு மேல் எழுதவில்லை. ஒருவன் பொறியிடமிருந்து கொண்டுவந்து முகத்திலே சலனமின்றி வாசித்தான். சென்ற வாரம் ஹந்தானைப் பக்கத்திலிருந்து வரும் சிறுவன் ஒருவன் தன் பாட்டனைப் பற்றி எழுதிய பக்கத்திலே 'பெறட்டுக்களம்' என்று ஒரு சொல் இருந்தது. பழக்கத்தால் நமது கை சிவப்புப் பேனையை எடுத்துவிட்டது. பிறகு அதை மூடி வைத்துவிட்டு, இச்சொல்லை எப்படி எழுதுவது என்று வகுப்பையே கேட்டோம். பிரட்டு என்றனர் சிலர். பெரட்டு என்றனர் வேறு சிலர். தன் வீட்டிலே எல்லாரும் பெறட்டு என்றே சொல்வதாகச் சிறுவன் சாதித்தான். பரேட் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று நாம் சொன்னதும், அப்படியானால் அதை அப்படியே எழுதலாமே என்று நகரத்துப் பிள்ளை ஒருத்தி கேட்க, "எங்க தாத்தா அங்க நின்னாரு, பரேட் போகல" என்றான் அவன். மணி அடித்த பின்னரும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை; அடுத்த பாட ஆசிரியர் வாயிலிலே நின்று கொண்டிருந்தார்.